குறைந்தபட்சத் தொகை போதுமா?

நான் பணியாற்றும் மும்பைக் கிளைக்குச் சென்ற ஆண்டு ஓர் இளைஞர் வீட்டுக் கடன் கேட்டு வந்தார். நல்ல ஊதியம், எந்தத் தவணையும் தவறியதில்லை. ஆயினும், அவரது கடன் அட்டையில் ஏறத்தாழ 50,000 ரூபாய் நிலுவை பல மாதங்களாகக் குறையாமல் நின்றது.

"மாதாமாதம் கேட்ட பணத்தைக் கட்டிவிடுகிறேனே, சார்?" என்றார். அவர் கட்டி வந்தது பட்டியலில் கண்ட குறைந்தபட்சத் தொகை மட்டுமே.

கணக்கிட்டுப் பார்ப்போம். மாத வட்டி 3.5 விழுக்காடு எனில், 50,000 ரூபாய்க்கு வட்டி 1,750 ரூபாய். அதன்மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 315 ரூபாய். குறைந்தபட்சத் தொகை 5 விழுக்காடு என்று கொண்டால் அவர் கட்டுவது 2,500 ரூபாய். வட்டியும் வரியும் போக, அசலில் கழிவது 435 ரூபாய்தான். அந்த மாதமே 500 ரூபாய்க்குப் பொருள் வாங்கினால், கடன் குறைவதற்கு மாறாகக் கூடிவிடும். நிலுவை இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருள்களுக்கும் பொதுவாக வட்டியில்லாக் காலம் கிடைப்பதில்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. அதே இளைஞர் 60,000 ரூபாயை நிரந்தர வைப்பில் போட்டிருந்தார். அதற்குக் கிடைத்த வட்டி ஆண்டுக்கு 7 விழுக்காடு. கடனுக்கு அவர் கொடுத்து வந்ததோ 42 விழுக்காடு!

முன்பெல்லாம் சம்பள நாளன்று வாடகை, மளிகை, பால், பள்ளிக் கட்டணம் எனப் பணத்தைப் பிரித்து வைப்போம். பணப்பை மெலிவது கண்ணுக்குத் தெரியும். கை தானே நிற்கும். 2016இல் யு.பி.ஐ. வந்தபின் தேநீர்க் கடையிலும் கைப்பேசியே பணப்பையாகிவிட்டது. 5,000 ரூபாய் வரை, ரகசிய எண் இன்றியே அட்டையைக் காட்டிச் செலுத்தவும் முடிகிறது. பெருந்தொகையைச் சுமந்து செல்லும் அச்சம் இல்லை. ஒவ்வொரு செலவுக்கும் பதிவு உண்டு. இவை பெரும் நன்மைகளே. ஆனால், ரொக்கம் தானாக இட்ட எல்லையை இனி நாமே இட்டுக்கொள்ள வேண்டும்.

அதற்கு வழிகள் உள்ளன. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2020 அக்டோபர் முதல் வாடிக்கையாளரே தம் அட்டைக்குச் செலவு வரம்பு வகுக்கலாம். இணையவழிப் பயன்பாட்டை வேண்டாதபோது நிறுத்தியும் வைக்கலாம். அன்றாடச் செலவுக்குப் பற்று அட்டையைப் பயன்படுத்தினால், கணக்கில் உள்ள பணமே செலவாகும். கடன் அட்டைக்கோ, முழு நிலுவையும் கெடு நாளில் கணக்கிலிருந்து தானாகவே செலுத்தப்பட ஏற்பாடு செய்யுங்கள். கடன் அட்டையைக் கொண்டு ஏ.டி.எம்.மில் பணம் எடுப்பதைத் தவிருங்கள். எடுத்த நாளிலிருந்தே அதற்கு வட்டி ஓடும்.

அந்த இளைஞர் மறுநாளே வைப்பை முடித்து நிலுவையை முழுவதும் அடைத்தார். சில மாதங்களுக்குப் பின் வீட்டுக் கடன் ஆவணங்களில் கையொப்பமிட வந்தபோது, "இப்போது பட்டியலில் முதலில் மொத்தத் தொகையைத்தான் பார்க்கிறேன், சார்" என்றார்.

இம்மாதப் பட்டியல் வரும்போது தாங்களும் அதையே பாருங்கள்.