பழைய கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? புதிய பேட்டரி வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

பொழியூர்: கேரள - தமிழக எல்லையில் அமைந்துள்ள பொழியூர் போன்ற கடற்கரைக் கிராமங்களில், உப்புக் காற்று கார்களின் மின் இணைப்புகளை விரைவாக அரிக்கிறது. பழைய கார் திடீரென ஸ்டார்ட் ஆகாதபோது பலரும் பேட்டரியையே மாற்றிவிடுகின்றனர். ஆனால், பழுது பேட்டரியில் அல்லாமல் அதன் இணைப்பில் இருக்கவும் வாய்ப்புண்டு. சாவியைத் திருப்பும்போது எழும் ஓசையே பழுதைக் கண்டறிய உதவும் முதல் தடயம்.

'டக் டக்' ஓசை மட்டும் கேட்டால்...

ஹெட்லைட்டை எரியவிட்டுச் சாவியைத் திருப்ப வேண்டும். வெளிச்சம் மிகவும் மங்கினால், பேட்டரியில் மின்சாரம் குறைந்திருக்கலாம் அல்லது இணைப்பு அரித்திருக்கலாம். டெர்மினல்களில் வெண்மை அல்லது பச்சை நிறத் தூள் படிந்திருந்தால், அவற்றைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். கழற்றும்போது நெகட்டிவ் முனையை முதலிலும், மாட்டும்போது அதனைக் கடைசியிலும் கையாள வேண்டும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறக்கூடும் என்பதால் அருகில் தீ கூடாது.

முழுமையாகச் சார்ஜ் ஆன பேட்டரி, ஓய்வு நிலையில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால், முதலில் சார்ஜ் செய்து பார்க்கலாம். இன்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இல்லையெனில், ஆல்டர்நேட்டரைச் சோதிக்க வேண்டும்.

ஓசையே இல்லையெனில்...

விளக்கு பிரகாசமாக எரிந்தும் ஓசை எழாவிட்டால், செல்ஃப் மோட்டார், அதன் வயர், இக்னிஷன் சுவிட்ச் ஆகியவற்றில் பழுது இருக்கலாம். இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் வயர் துருப்பிடித்துள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இன்ஜின் சுழன்றும் இயங்காவிட்டால்...

இந்நிலையில் பெரும்பாலும் பேட்டரி காரணமல்ல. தீப்பொறி அல்லது பெட்ரோல் வரவில்லை என்று கொள்ளலாம். 1983-இல் அறிமுகமான மாருதி 800 காரின் தொடக்ககால மாடல்கள் போன்ற கார்புரேட்டர் கார்களில், டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் புகுந்தால் தீப்பொறி தடைபடும். உலர்ந்த துணியால் துடைப்பதே தீர்வாக அமையலாம். பெட்ரோல் வாடை மிகுந்தால், ஆக்சிலரேட்டரை முழுமையாக அழுத்தியபடி செல்ஃப் அடிக்க வேண்டும். இன்ஜெக்ஷன் கார்களில் சாவியை 'ஆன்' செய்ததும் பம்ப்பின் மெல்லிய இரைச்சல் ஓரிரு விநாடி கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஃபியூஸ், ரிலே ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

ஒரே மூச்சில் 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்கக் கூடாது, மோட்டார் சூடாகிவிடும். இரவில் மருத்துவமனைக்குச் செல்ல நேரும்போது கார் ஏமாற்றாமல் இருக்க, மாதம் ஒருமுறை டெர்மினலைத் துடைத்து கிரீஸ் பூசி வைப்பது நல்லது.