தி பிளே (அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்து)

தி பிளே என்பது 1982 நவம்பர் 20 அன்று, கலிபோர்னியாப் பல்கலைக்கழக (பெர்க்லி) அணிக்கும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அணிக்கும் இடையே நடைபெற்ற அமெரிக்கக் காற்பந்துப் போட்டியின் கடைசி ஆட்டத்தைக் குறிக்கும் பெயராகும். பெர்க்லி நகரின் மெமோரியல் அரங்கில் நடந்த இப்போட்டியில் கலிபோர்னியா 25–20 என்ற புள்ளிக்கணக்கில் வென்றது. அம்முடிவு சரியானதா என்பதில் இரு தரப்பு இரசிகர்களும் இன்றுவரை உடன்படவில்லை.

பின்னணி

இவ்விரு பல்கலைக்கழகங்களும் ஆண்டுதோறும் மோதும் போட்டி "பெரும் ஆட்டம்" எனப்படுகிறது. வெற்றி பெறும் அணிக்கு ஒரு கோடரி பரிசுச் சின்னமாக வழங்கப்படுகிறது. 1982ஆம் ஆண்டுப் போட்டி, ஸ்டான்ஃபோர்டு வீரர் ஜான் எல்வேயின் கடைசிக் கல்லூரி ஆட்டமாகவும் அமைந்தது.

அமெரிக்கக் காற்பந்தில் நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்தால் 6 புள்ளிகள் கிடைக்கும். பந்தைக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் 3 புள்ளிகள். பந்துடன் ஓடுபவர் அதனைப் பக்கவாட்டிலோ பின்னோக்கியோ எத்தனை முறை வேண்டுமானாலும் தம் அணியினருக்கு வீசலாம். எதிரணியினர் பிடித்து வீழ்த்த, அவரது முழங்கால் தரையைத் தொட்டால் ஆட்டம் நின்றுவிடும். கடிகாரம் முடிந்தாலும், ஆட்டம் நிற்கும்வரை பந்து உயிருடன் இருப்பதாகவே கொள்ளப்படும்.

கடைசி நான்கு நொடிகள்

கலிபோர்னியா 19–17 என முன்னிலையில் இருந்தபோது, ஸ்டான்ஃபோர்டு தோல்வியின் விளிம்பில் நின்றது. கடைசி வாய்ப்பில் 17 யார்டுகள் தேவைப்பட்ட நிலையில், எல்வே 29 யார்டு தூரத்துக்குப் பந்தை எறிந்து அணியைக் காத்தார். 8 நொடிகள் மீதமிருந்தபோது அவர் இடைநிறுத்தம் கோரினார். அதன்பின் மார்க் ஹார்மன் 35 யார்டு தொலைவிலிருந்து உதைத்த பந்து கம்பங்களைக் கடந்ததால் ஸ்டான்ஃபோர்டு 20–19 என முந்தியது. கடிகாரத்தில் 4 நொடிகளே எஞ்சின.

அளவுமீறிக் கொண்டாடியதற்காக ஸ்டான்ஃபோர்டுக்கு 15 யார்டு தண்டனை விதிக்கப்பட்டது. எனவே ஹார்மன் வழக்கத்தைவிடப் பின்னாலிருந்து பந்தைத் தாழ்வாக உதைத்தார். அதனை எடுத்த கெவின் மோயன், ரிச்சர்ட் ரோட்ஜர்சிடம் வீசினார். ரோட்ஜர்ஸ் டுவைட் கார்னரிடம் வீச, கார்னரை எதிரணியினர் சூழ்ந்துகொண்டனர். ஆட்டம் முடிந்துவிட்டதெனக் கருதிய ஸ்டான்ஃபோர்டு இசைக்குழுவினர் களத்தினுள் புகுந்தனர். ஆனால் கார்னர் விழுமுன் பந்தை மீண்டும் ரோட்ஜர்சிடம் சேர்த்திருந்தார். அவரிடமிருந்து அது மேரியட் ஃபோர்டுக்குச் சென்றது. ஃபோர்டு தோளுக்கு மேலாகப் பின்னால் வீசிய பந்தை மோயன் பிடித்து, இசைக்குழுவினரின் நடுவே ஓடி எல்லையைக் கடந்தார். அங்கு நின்ற டிராம்போன் கலைஞர் ஒருவர் மீது மோதி அவரையும் வீழ்த்தினார். வானொலியில் வருணனை செய்த ஜோ ஸ்டார்க்கியின் உணர்ச்சிப் பெருக்கான குரல் இந்நிகழ்வோடு சேர்த்தே நினைவுகூரப்படுகிறது.

சர்ச்சை

கார்னரின் முழங்கால் முன்பே தரையைத் தொட்டது என்றும், ஃபோர்டின் கடைசி வீச்சு முன்னோக்கிச் சென்றது என்றும் ஸ்டான்ஃபோர்டு தரப்பினர் வாதிடுகின்றனர். அக்காலத்தில் கல்லூரிக் காற்பந்தில் நடுவர்கள் காணொளியை மீண்டும் பார்த்து முடிவெடுக்கும் முறை இல்லை. தலைமை நடுவர் சார்லஸ் மொஃபெட் மற்ற நடுவர்களுடன் கலந்து பேசிய பின்னரே புள்ளிகளை வழங்கினார். எல்வே சில நொடிகள் தாமதித்து இடைநிறுத்தம் கோரியிருந்தால் இவ்வாட்டத்துக்கே இடமிருந்திருக்காது என்பதும் இரசிகர்கள் அடிக்கடி எழுப்பும் வாதமாகும்.

விளைவுகள்

இத்தோல்வியால் ஸ்டான்ஃபோர்டு 5 வெற்றி, 6 தோல்வி என்ற நிலையில் பருவத்தை முடித்தது. பருவ இறுதிச் சிறப்புப் போட்டி எதிலும் ஆடாமலேயே எல்வேயின் கல்லூரி வாழ்க்கை நிறைவடைந்தது. பின்னர் தொழில்முறை ஆட்டத்தில் அவர் டென்வர் பிராங்கோஸ் அணிக்காக இருமுறை சூப்பர் பவுல் வென்றார்.

போட்டி முடிந்த சில நாட்களில், வெற்றி ஸ்டான்ஃபோர்டுக்கே வழங்கப்பட்டதாகக் கூறும் போலிச் செய்தித்தாளை ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் அச்சிட்டு பெர்க்லி வளாகத்தில் பரப்பினர். கோடரிச் சின்னத்தில் முந்தைய போட்டிகளின் புள்ளிகள் பொறிக்கப்பட்டுள்ளன. அது ஸ்டான்ஃபோர்டு வசம் வரும்போது 1982ஆம் ஆண்டின் முடிவு 20–19 என மாற்றப்படுவதும், கலிபோர்னியாவிடம் திரும்பியதும் 25–20 எனத் திருத்தப்படுவதும் மரபாகிவிட்டது. அதிகாரபூர்வமான முடிவு 25–20 என்பதேயாகும்.