‘டர்போ’ காருக்குப் பலம் கூட்டலாமா?

1962-ம் ஆண்டு. அமெரிக்காவில் ஒரு புதுக் கார் விற்பனைக்கு வந்தது. பெயர் ‘ஓல்ட்ஸ்மொபில் ஜெட்பயர்’. டர்போ பொருத்திப் பொதுமக்களுக்கு விற்கப்பட்ட முதல் கார்களில் அதுவும் ஒன்று. 3½ லிட்டர் என்ஜின். 215 குதிரைச் சக்தி!

அந்தக் காரில் பெட்ரோல் தொட்டியைத் தவிர இன்னொரு சிறு தொட்டியும் உண்டு. அதில் தண்ணீரும் மெதனால் என்ற எரிசாராயமும் கலந்த திரவம் இருக்கும். டர்போ வேலை செய்யும்போது அந்தத் திரவம் என்ஜினுக்குள் போய்ச் சூட்டைத் தணிக்கும். தொட்டி காலியானால் டர்போவின் பலம் குறைந்துவிடும்.

பலர் அந்தத் தொட்டியை நிரப்பவில்லை. ‘கார் இழுக்கவில்லை’ என்று குறை சொன்னார்கள். 1963-ம் ஆண்டோடு ஜெட்பயர் உற்பத்தி நின்றது. டர்போவையே கழற்றி எறிந்தவர்களும் உண்டு!

கார் மோசமானது அல்ல. அது கேட்ட கவனிப்பு கிடைக்கவில்லை. இன்றைய டர்போ கார்களில் அந்தச் சிறு தொட்டி இல்லை. ஆனால் கவனிப்பு மட்டும் இன்றும் வேண்டும்.

டர்போ என்பது என்ன?

அடுப்பை ஊதுகுழலால் ஊதினால் தீ கொழுந்துவிட்டு எரிகிறது அல்லவா? டர்போவும் ஓர் ஊதுகுழல்தான்.

என்ஜினிலிருந்து வெளியேறும் புகை, ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் இருக்கிறது. அது வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, என்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று அதிகமானால் பெட்ரோலும் அதிகம் எரியும். பலமும் கூடும். வீணாகப் போகும் புகையை வேலை வாங்கும் இந்த முறைக்கு, சுவிட்சர்லாந்து என்ஜினீயர் ஆல்பிரட் பூக்கி 1905-ம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார்.

இன்று 1 லிட்டர் என்ஜின் உள்ள குடும்பக் கார்கள் சிலவற்றிலும் டர்போ இருக்கிறது.

எண்ணெய்தான் உயிர்

டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். தண்டைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம். எண்ணெய் குறைந்தாலும், அழுக்கானாலும் தண்டு தேய்ந்துவிடும்.

ஆகையால், கார் கம்பெனி சொல்லும் ரக எண்ணெயையே ஊற்ற வேண்டும். பந்தயத் தளத்தில் ஓட்டும் காருக்கு, கம்பெனி சொன்ன கெடுவுக்கு முன்பே எண்ணெயை மாற்றுவது நல்லது. காற்று வடிகட்டியையும் அடிக்கடி பார்க்க வேண்டும். தூசி உள்ளே போனால் சக்கரத்தின் இதழ்களை அரித்துவிடும்.

காரைக் கிளப்பியதும் விரட்டக்கூடாது. எண்ணெய் சூடேறும்வரை மெதுவாகப் போகவேண்டும். வேகமாக ஓட்டிவிட்டு உடனே என்ஜினை அணைப்பதும் தவறு. எண்ணெய் ஓட்டம் நின்றுவிடும். டர்போவின் சூட்டில், உள்ளே தங்கிய எண்ணெய் கருகிக் கரியாகும். கடைசி ஒன்றிரண்டு நிமிடங்கள் மெதுவாக ஓட்டி நிறுத்தினால் போதும்.

நீலப் புகை வந்தாலும், சங்கு ஊதுவதுபோல் புதுச் சத்தம் கேட்டாலும், உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

முதலில் எதை மாற்றுவது?

‘இன்னும் கொஞ்சம் பலம் வேண்டும்’ என்பது இளைஞர்களின் ஆசை. இன்றைய கார்களில் என்ஜினை ஆள்வது ஒரு சிறு கணினி. அதில் உள்ள கணக்கை மாற்றினால் டர்போ இன்னும் அதிகக் காற்றைத் தள்ளும். வேலை சுலபம். விளைவு?

அமுக்கிய காற்று சூடாகும். சூடு மிஞ்சினால் பெட்ரோல் கண்ட நேரத்தில் வெடிக்கும். என்ஜின் ‘டக் டக்’ என்று தட்டும். அதைக் கவனிக்காவிட்டால் பிஸ்டனே உடைந்துபோகலாம்!

ஆகவே, பலம் கடைசியில்தான். முதலில் பிரேக், பிறகு டயர், அடுத்து சூட்டைத் தணிக்கும் ரேடியேட்டரும் ‘இன்டர்கூல’ரும். இவை சரியாக இருந்தால்தான் பலத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டும்.

பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய ‘டாட் 4’ திரவம் 230 டிகிரி சூடு வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். பந்தயத் தளத்தில் வளைவுக்கு வளைவு பிரேக் போடும்போது அந்தச் சூடு வந்துவிடும். திரவம் கொதித்தால் குமிழி உண்டாகும். மிதித்தால் பஞ்சை மிதித்ததுபோல் பெடல் உள்ளே போகும். கார் நிற்காது!

ஆகையால், தளத்துக்குப் போகுமுன் புதுத் திரவம் ஊற்ற வேண்டும். பிரேக் கட்டைகளின் தடிமனைப் பார்க்க வேண்டும். சக்கர நட்டுகளை அளவுக் கருவி வைத்து முடுக்க வேண்டும். ஓடும்போது டயரில் காற்றழுத்தம் ஏறும். சில சுற்றுகள் ஓடியதும் அதையும் அளக்க வேண்டும்.

தெரு பந்தயத் தளம் அல்ல

பொதுச் சாலையில் பந்தயம் விடுவது குற்றம். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டப்படி மாற்றுவதற்கு 52-வது பிரிவு தடை போடுகிறது. ஆகவே, தெருவில் ஓடும் காருக்கு நல்ல எண்ணெய், நல்ல டயர், நல்ல பிரேக் போதும். பந்தயத்துக்கென்று மாற்றிய காரை லாரியில் ஏற்றித்தான் தளத்துக்குக் கொண்டு போகவேண்டும்.

வேகத்தை ருசி பார்க்க விரும்புகிறவர்களுக்குத் தமிழ்நாட்டில் தளங்கள் இருக்கின்றன. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஒன்று. கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் ஒன்று. அங்கே எதிரே லாரி வராது. குறுக்கே குழந்தை ஓடாது.

வீட்டில் டர்போ கார் இருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை காலையில், என்ஜின் ஆறியிருக்கும்போது, மூடியைத் திறந்து எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள். 5 நிமிட வேலைதான். பிள்ளைகளையும் அருகில் அழைத்துக் காட்டுங்கள். நாளை அவர்களும் கார் ஓட்டப் போகிறவர்கள் அல்லவா?