வங்கி ஏலத்தில் வீடு

வீட்டுக் கடன் தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் அது வாராக்கடன். 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி, வங்கி 60 நாள் அவகாசம் தந்துவிட்டு, உரிமையியல் வழக்குப் போடாமலே வீட்டைக் கைப்பற்றி ஏலம் விடலாம். பெங்களூரு வீட்டுக்கும் இதே விதிதான்.

ஏலத்தில் வென்றவர் ஏலத்தொகையில் 25 சதவீதத்தை அன்றே அல்லது மறு வேலைநாளுக்குள் கட்ட வேண்டும். மீதிக்குப் பொதுவாக 15 நாள். தவறினால் கட்டிய பணம் பறிபோகும்.

விலை மலிவு என்பது பாதி உண்மைதான். 'உள்ளது உள்ளபடி' விற்பதால் சொத்துவரி பாக்கி, மின்கட்டண நிலுவை, காலி செய்ய மறுக்கும் குடித்தனக்காரர் எல்லாம் கூடவே வரலாம். வீடு வங்கியின் கையில் காகிதத்தில் மட்டும் இருந்தால், சாவி கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம். ஏலம் கேட்குமுன் வில்லங்கச் சான்றிதழையும், பெங்களூரில் காத்தா எனப்படும் சொத்துவரிப் பதிவையும் வக்கீலிடம் காட்டுவதோடு, கடன் வசூல் தீர்ப்பாயத்தில் வழக்கு இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.