உங்களுக்குத் தெரியுமா? மேப்பில் போட்ட ரூட், காருக்குள் போகும் கதை

◆ ஆன்லைன் மேப்பில் நீங்கள் பார்த்துப் பார்த்துப் போட்ட நீலக் கோடு, கார் ஜிபிஎஸ் கருவிக்குள் பெரும்பாலும் போவதே இல்லை. போவது சில புள்ளிகள்தான். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவே எந்தச் சாலையில் போவது என்பதைக் கருவி தன்னிடமுள்ள மேப்பைப் பார்த்துத் தானே முடிவு செய்துகொள்கிறது. ‘நான் போட்டது ஒரு வழி, இது சொல்வது வேறு வழி’ என்ற புலம்பலில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

◆ இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய், வண்டி ஓட்டுவதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்களின் கனவுச் சாலை. உயரம் 2,757 மீட்டர். பிராட் என்ற ஊர்ப் பக்கமிருந்து ஏறினால் 48 கொண்டை ஊசி வளைவுகள். (கொல்லிமலையின் 70 வளைவுகளில் ஓட்டிப் பழகியவர்கள் சிரிக்கலாம். ஆனால் உயரத்தையும் கணக்கில் எடுங்கள்.) பிராட், கணவாய்க்கு அந்தப் பக்கமுள்ள போர்மியோ என்று இரண்டே புள்ளிகள் கொடுத்து ரூட்டை ஏற்றினால், கருவி சுவிட்சர்லாந்துக்குள் புகுந்து, உம்பிரெயில் கணவாய் வழியாகப் போர்மியோவில் கொண்டுபோய் விடக்கூடும். போய்ச் சேரும் ஊர் சரிதான், 48 வளைவும் போச்சு. சரி, ஸ்டெல்வியோ உச்சியில் ஒரு புள்ளி வைத்துவிட்டால்? அதுவும் உத்தரவாதம் இல்லை. உம்பிரெயில் சாலை உச்சிக்குச் சற்றுக் கீழே வந்து சேருகிறது. கருவி அந்தப் பக்கமாகவே ஏறி, உச்சியைத் தொட்டுவிட்டு, திரும்பி இறங்கினாலும் அதன் கணக்கில் தப்பில்லை. புள்ளி வைக்க வேண்டிய இடம், ஏற்றத்தின் நடுவிலுள்ள டிராஃபோய் கிராமம். பிராடிலிருந்து அங்கே போக, நமக்கு வேண்டிய அந்தச் சாலையை விட்டால் வேறு நியாயமான வழி கிடையாது. ரூட் போடத் தெரிந்தவர்கள் பார்க்கப்போகும் இடத்தில் புள்ளி வைப்பதோடு நிறுத்துவதில்லை. கருவி தடம் மாறக்கூடிய பிரிவைத் தாண்டியதும் ஒன்று வைத்துவிடுவார்கள்.

◆ ரூட்டைக் கொண்டுபோகப் பரவலாகப் பயன்படும் கோப்பு வகை ஜிபிஎக்ஸ். 2002இல் வந்தது; 2004இல் வெளியான 1.1 பதிப்புதான் இன்றுவரை ஓடுகிறது. நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம், எல்லாம் வெறும் எழுத்தும் எண்ணும்தான். அதற்குள் மூன்று விதமான சரக்கு இருக்கலாம்: தனித்தனி இடங்கள், ரூட், டிராக். ரூட் என்றால் வரிசையாகச் சில புள்ளிகள். நடுவில் உள்ளதைக் கருவி நிரப்பிக்கொள்ளும். டிராக் என்றால் சாலையின் ஒவ்வொரு நெளிவையும் தொட்டபடி போகும் நூற்றுக்கணக்கான, சில சமயம் ஆயிரக்கணக்கான புள்ளிகள். டிராக்கைப் பல பழைய கார் கருவிகள் திரையில் ஒரு கோடாகக் காட்டுமே தவிர, ‘இடப்பக்கம் திரும்பவும்’ என்று வாய் திறக்காது. கோப்பின் வகை இரண்டுக்கும் ஒன்றே என்பதால், உள்ளே எது இருக்கிறதென்று தெரியாமல் ஏற்றிவிட்டு, கருவி ஊமையாகிவிட்டதாக நினைப்பவர்கள் ஏராளம்.

◆ பழைய டாம்டாம் கருவிகளுக்கு ஐடிஎன் என்று தனி வகை. ஒரு புள்ளிக்கு ஒரு வரி. ஸ்டெல்வியோ உச்சி அதில் இப்படி இருக்கும்:

1045280|4652860|ஸ்டெல்வியோ|0|

முதலில் தீர்க்கரேகை, அடுத்து அட்சரேகை. இரண்டையும் ஒரு லட்சத்தால் பெருக்கித் தசமப் புள்ளியை எடுத்துவிட்டார்கள். கடைசி இலக்கம், அது கிளம்பும் இடமா, நடுவில் கடப்பதா, சேருமிடமா என்பதற்கான குறி. அவசரத்துக்குக் கையாலேயே எழுதிவிடலாம்!

◆ கூகுள் எர்த்தும் கூகுள் மை மேப்ஸும் தரும் கேஎம்எல் கோப்பிலும் தீர்க்கரேகைதான் முதலில் வரும். நாமோ அட்சரேகையை முதலில் சொல்லிப் பழகியவர்கள். இரண்டும் இடம் மாறினால் என்ன ஆகும்? சென்னை, ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு வடக்கே கடலில் போய் விழும். மதுரை அதே தீவுகளுக்கு மேற்கே, அதுவும் கடலில்தான். ஸ்டெல்வியோ ஆப்பிரிக்காவின் கொம்புப் பகுதிக்குப் போய்விடும். இவ்வளவு பெரிய பிழை என்றால் பார்த்ததும் தெரிந்துவிடும். ஆபத்து சின்னப் பிழையில்தான். 46.5286 டிகிரி என்பதை 46 டிகிரி 52.86 நிமிடம் என்று அடித்துவிட்டால் ஏறக்குறைய 39 கிலோமீட்டர் வடக்கே தள்ளிப் போய்விடுவீர்கள். திரையில் அதே மலைத்தொடர், அதே மாதிரி ஊர்ப் பெயர்கள். சந்தேகமே வராது.

◆ நால்வழிச் சாலையில் புள்ளி வைக்கும்போது மேப்பை நன்றாகப் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும். எதிர்த்திசைப் பாதையில் விழுந்துவிட்டால், கருவி உங்களை அடுத்த வெளிவழியில் இறக்கி, திருப்பி, அந்தப் புள்ளியைத் தொட வைத்து, மறுபடி திருப்பிக் கொண்டுவரும். ஊர்ப் பெயரை மட்டும் அடித்தாலும் இதே கதை: பைபாஸில் பறக்க வேண்டிய வண்டி ஊருக்குள் புகுந்து ஊர்ந்துகொண்டிருக்கும்.

◆ கார்மின் கருவிகளில் புள்ளியிலும் இரண்டு சாதி உண்டு. ஒன்று, கட்டாயம் தொட வேண்டியது. அதைத் தவறவிட்டால், திரும்பிப் போ என்று நச்சரிக்கும். மற்றது, பாதையை வளைத்துப் பிடிக்க மட்டும். அதைக் கடக்கும்போது கருவி மூச்சு விடாது. எல்லாப் புள்ளியையும் முதல் வகையில் போட்டுவிட்டுப் போகிறவர்களின் காரில் உட்கார்ந்து வருவது தனித் தண்டனை.

◆ கூகுள் மேப்ஸில் ஒரு ரூட்டுக்குத் தொடக்கத்தையும் சேர்த்து 10 இடங்கள்தான். பழைய டாம்டாமில் ஒரு ஐடிஎன் கோப்புக்கு 48. மை மேப்ஸில் ஜிபிஎக்ஸ் கோப்பைக் கொண்டுவந்து கோடாகப் பார்க்கலாம், ஆனால் அந்தக் கோட்டின்மேல் அது உங்களை ஓட்டிச் செல்லாது. போனிலேயே வேலையை முடிக்க நினைப்பவர்கள் ஓஸ்மேண்ட் போன்ற செயலிகளுக்குப் போவது இதனால்தான். அவை ஜிபிஎக்ஸை வாங்கிக்கொண்டு, சிக்னல் இல்லாத மலையிலும் வழி சொல்லும்.

◆ ஒரு கோப்பை இன்னொரு வகையாக மாற்றிக்கொடுக்க ‘ஜிபிஎஸ்பேபல்’ என்ற இலவச மென்பொருள் உண்டு.

◆ கார்மினின் கார் மேப்புகள் ‘ஹியர்’ நிறுவனத்துடையவை. அந்த நிறுவனத்தை 2015இல் நோக்கியாவிடமிருந்து 280 கோடி யூரோவுக்கு வாங்கியவர்கள் ஆடி, பிஎம்டபிள்யூ, டைம்லர் மூவரும் சேர்ந்து. கூகுளின் மேப் வேறு, இது வேறு. ஒன்றில் சாலை நடுவில் இருக்கும் புள்ளி மற்றதில் பக்கத்து வயலில் நிற்கலாம். கட்டணச் சாலை வேண்டாம், படகு வேண்டாம் என்று கருவியில் எப்போதோ போட்டுவைத்த விருப்பங்களும் சேர்ந்துகொள்ளும். ரூட் மாறுவதற்குக் கேட்கவா வேண்டும்?

◆ சீனாவில் சட்டப்படி மேப்புகள் எல்லாமே வேண்டுமென்றே சில நூறு மீட்டர் பிசகவைத்த ஆயத்தொலைவுகளில்தான் வர வேண்டும். அங்கே எடுத்த புள்ளியை வெளிநாட்டுக் கருவியில் அப்படியே ஏற்றினால் அடுத்த தெருவில் நிற்பீர்கள்.

◆ ரூட்டை வண்டியில் ஏற்றும் பழக்கம் ஜிபிஎஸ்ஸுக்கு முன்பே உண்டு. 1909இல் அமெரிக்காவில் வந்த ‘ஜோன்ஸ் லைவ் மேப்’பில், போகிற வழி அச்சிட்ட காகிதத் தட்டைப் பொருத்துவார்கள். சக்கரத்திலிருந்து வரும் கேபிள், வண்டி ஓடும் தூரத்துக்கு ஏற்பத் தட்டைச் சுழற்றும். ஒரு தட்டு சுமார் 100 மைலுக்கு. முடிந்ததும் அடுத்த தட்டு! 1985இல் வந்த ‘ஈட்டாக்’ கருவியில் மேப் கேசட்டில் இருந்தது. செயற்கைக்கோள் இல்லை, சக்கரத்தின் சுற்றையும் திசைகாட்டியையும் வைத்தே இடத்தைக் கணக்கிட்டது.

◆ ரோமானியச் சாலைகளைக் காட்டும் பியூட்டிங்கர் வரைபடம் வியன்னாவில் இருக்கிறது. முன்பு கிட்டத்தட்ட 7 மீட்டர் நீளச் சுருளாக இருந்தது. திசை, வடிவம் எதுவும் சரியில்லை. ஊர்களின் வரிசையும் இடைத்தூரமும்தான் அதற்கு முக்கியம். ஒரு ரூட் கோப்பும் ஏறக்குறைய இதுதானே! அந்த வரைபடத்தின் கிழக்கு ஓரத்தில் நம் சேரநாட்டுத் துறைமுகமான முசிறியும் இருக்கிறது.

◆ கார்மினில் ஏற்றுவது எப்படி? யுஎஸ்பி கேபிளால் கணினியில் இணைத்து, ‘கார்மின்’ என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் ‘ஜிபிஎக்ஸ்’ ஃபோல்டரில் கோப்பைப் போட வேண்டும். அதோடு முடியாது. கேபிளைக் கழற்றியபின் கருவியின் டிரிப் பிளானரில் போய் ‘இம்போர்ட்’ கொடுத்தால்தான் ரூட் கண்ணில் படும். விலை குறைந்த மாடல்கள் சிலவற்றில் டிரிப் பிளானரே கிடையாது. வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

◆ பல கருவிகளில் செட்டிங்ஸுக்குள் போய் ஜிபிஎஸ்ஸை அணைத்துவிட்டு ரூட்டைத் தொடங்கினால், வண்டி திரையிலேயே ஓடத் தொடங்கும். கிளம்புவதற்கு முந்தின நாள் இரவு சோபாவில் உட்கார்ந்தபடியே டிராஃபோய் வருகிறதா, சுவிட்சர்லாந்து எல்லை வருகிறதா என்று பார்த்துவிடலாம். காலையில் ஜிபிஎஸ்ஸைத் திரும்ப ஆன் செய்ய மறக்கக் கூடாது.