அழவைக்கும் பித்தளைக் குழாய்

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் வழியில் கயத்தாறு. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊர் என்றால் எல்லோருக்கும் தெரியும். ராத்திரி நேரம் இந்தப் பக்கம் காரில் போகும்போது ‘டூயட்’ படப் பாட்டு வந்தால், பேசிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கொஞ்ச நேரம் பேச்சை நிறுத்திவிடுவார்கள். கவனித்திருக்கிறீர்களா?

1994-ல் வந்த படம் அது. பாலசந்தர் இயக்கம், ரஹ்மான் இசை. திரையில் பிரபு கையில் சாக்ஸபோன். அதற்கு மூச்சுக் கொடுத்தவர் கத்ரி கோபால்நாத். தன் உருவத்தை நினைத்துக் கூசி, மனசில் இருப்பதைச் சொல்ல முடியாமல் தவிக்கும் ஒருவனின் கதை. ‘என் காதலே’ பாட்டில் எஸ்.பி.பி. நிறுத்தும் இடத்தில் சாக்ஸபோன் பேசத் தொடங்கும். வார்த்தையே கிடையாது, ஆனாலும் தொண்டை அடைக்கும்.

காரணம் அந்தக் கருவியை அவர் பழக்கிய விதத்தில் இருக்கிறது. சாக்ஸபோன் பெல்ஜியம் நாட்டு அடோல்ஃப் சாக்ஸ் உருவாக்கியது. விசையை அழுத்தினால் துளை முழுசாக மூடும், விட்டால் முழுசாகத் திறக்கும். நாகஸ்வரத்தில் விரலைப் பாதி நகர்த்தி ஸ்வரத்தை வழுக்க விடலாம். இதில் அது லேசில் நடக்காது. உதட்டாலும் மூச்சாலும்தான் கமகத்தை வளைத்துக் கொண்டுவர வேண்டும். கோபால்நாத்தின் அப்பா நாகஸ்வரக் கலைஞர். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கிய மகன், அதில் கர்நாடக சங்கீதத்தைக் கொண்டுவர வருஷக்கணக்கில் பாடுபட்டார். அந்தப் பாடுதான் நம் காதில் விசும்பலாக விழுகிறது என்று எனக்குத் தோன்றும்.

ஜாஸ் உலகத்திலும் இவருக்கு ரசிகர்கள் உண்டு. அமெரிக்காவில் வளர்ந்த ருத்ரேஷ் மகந்தப்பா ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர். மாணவராக இருந்தபோது அவருடைய சகோதரர் கோபால்நாத்தின் இசைத்தட்டு ஒன்றை விளையாட்டாகப் பரிசளித்தார். வாங்கியவருக்கு அது விளையாட்டாக இல்லை. பின்னாளில் கோபால்நாத்தையே தேடிவந்து சேர்ந்து வாசித்தார். 2008-ல் ‘கின்ஸ்மென்’ என்ற தட்டு வெளிவந்தது. உறவுக்காரர்கள் என்று அர்த்தம், பொருத்தமான பேர்தான்.

நம் கரிசல் காட்டுக்காரர்களுக்குக் குழல் கேட்டுக் கண் கலங்குவது புதுசும் இல்லை. கோவில்பட்டியில் வாழ்ந்த காருகுறிச்சி அருணாசலம், 1962-ல் ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ்.ஜானகியின் குரலோடு நாகஸ்வரத்தைப் போட்டி போட வைத்தார். ‘சிங்கார வேலனே தேவா’ இன்றைக்கும் கல்யாண வீடுகளில் ஒலிக்கிறது. இரண்டே வருஷத்தில், 1964-ல் அவர் போய்விட்டார். கோபால்நாத் 2019 அக்டோபரில் மறைந்தார்.

முதலில் காருகுறிச்சியாரையும் அடுத்து கோபால்நாத்தையும் ஒரு ராத்திரி கேட்டுப் பாருங்கள். செல்போனில் வேண்டாம். கீழ் ஸ்தாயி அதில் காணாமல் போய்விடும். நல்ல ஸ்பீக்கர் வைத்திருப்பவர் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள்.