குண்டும் துடுப்பும்

கடலூரையடுத்த குடிகாட்டிலே கோலியாடும் சிறுவன் குறி தவறினால் விதியை நோவதில்லை. கை தவறிற்று என்பான். அமெரிக்கப் ‘பின்பால்’ யந்திரத்தில் இந்த நியாயம் வெகுகாலம் செல்லவில்லை. வில்லை இழுத்துவிட்டபின், சரிந்த பலகையில் எஃகுக் குண்டு போன வழியே வழி. சூதாட்டமென்று நியூயார்க் நகரம் 1942-ல் அதைத் தடுத்தது. சம்மட்டியால் உடைக்கவும் செய்தது.

1947-ல் சிக்காகோவின் காட்லீப் கம்பெனிக்காக ஹாரி மாப்ஸ் ‘ஹம்ப்டி டம்ப்டி’ யந்திரத்தில் ஆறு மின்சாரத் துடுப்புகளை அமைத்தார். பொத்தானை அமுக்கினால் கம்பிச்சுருள் காந்தமாகித் துடுப்பை வீசும், குண்டு மேலேறும். ரிலேக்கள் கணக்கு வைக்க, பின்கண்ணாடியின் விளக்குகள் அதைக் காட்டும். யந்திரத்தை அதிகமாய் உலுக்கினாலோ, உள்ளே தொங்கும் தூக்குக்குண்டு வளையத்தைத் தொட்டு ஆட்டத்தையே நிறுத்திவிடும். (கோலியாட்டத்தில் இவ்வளவு கண்டிப்பான மத்தியஸ்தரை நாம் கண்டதில்லை!)

ஆயினும் நியூயார்க்கில் தடை நீங்க 1976 வரை ஆயிற்று. ரோஜர் ஷார்ப் என்பவர் நகரசபையார் முன்னிலையில், குண்டை நடுவழியே அனுப்புவதாகச் சொல்லி, அவ்வாறே அனுப்பிக் காட்டினார்.